மிச்சமாய்ப் போன பூமாலை

நான் வேலை பார்த்த நூலகத்தில் இப்போது கண்காட்சி மூலை இல்லை. அந்த இடத்தில் ஆளுயரத்துக்கு ஒரு திரையை மாட்டியிருக்கிறார்கள். பத்து விநாடிக்கு ஒரு படம் வருகிறது, போகிறது. போன மாதம் ஏதோ ஒரு கடிதத்தை நகலெடுக்கப் போனவள் அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். ஒரு மீன்பிடிப் படகு வந்தது. எந்தக் கரைப் படகு அது என்று நான் யோசித்து முடிப்பதற்குள் ஒரு பூனை வந்துவிட்டது. எனக்கு வந்ததே கோபம்!

"ஆயிரம் படம் காட்டுதுக்கா. நாம தொடவே வேணாம், அதுவா மாறிக்கும்" என்றாள் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பெண். ஆயிரம் காட்டி என்ன பிரயோசனம், நின்று பார்க்க ஒன்றையாவது விடுகிறதா என்று கேட்க வாய் துடித்தது. பென்ஷன்காரி பேச்சு எந்த அம்பலத்தில் ஏறும்? நகலை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

என் காலத்தில் அங்கே ஒரு கண்ணாடி அலமாரி இருந்தது. அதை ஒட்டிப் பச்சைத் துணி போர்த்திய நீளச் சுவர். ஒரு மேசை, அதன் மேல் பார்வையாளர் புத்தகம், நூலில் கட்டிய பேனா. அவ்வளவுதான். புத்தகங்களுக்கு எண் ஒட்டுவதுதான் எனக்குக் கொடுத்த வேலை. யாருக்கும் வேண்டாத அந்த மூலை எப்படியோ என் தலையில் விழுந்தது. மாதத்தின் முதல் வேலைநாளில் பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைக்க வேண்டும். அலமாரியின் கண்ணாடிக் கதவு பாதியில் சிக்கிக்கொள்ளும், இடுப்பால் ஓர் இடி இடித்தால்தான் நகரும். அந்த இடியைப் பத்தொன்பது வருஷம் இடித்தேன்.

வைத்த பொருள் எல்லாம் மாத முடிவில் அதனதன் வீட்டுக்குத் திரும்பிப் போய்விடும். அதில் நான் கறார். ஆனால் ஒரே ஒரு படம் மட்டும் திரும்பிப் போகவில்லை. அது இன்றைக்கும் என் வீட்டு அலமாரியில், பூப்போட்ட ஒரு பழைய பத்தேக் கைலிக்குள் சுற்றியபடி இருக்கிறது. அதைப் பற்றித்தான் சொல்ல வந்தேன், நடுவில் அந்தத் திரை வந்து கோபத்தைக் கிளப்பிவிட்டது.

எங்களுடையது பெரிய நூலகம் இல்லை. மலேசியாவில், கெடா மாநிலத்தில் ஒரு சின்ன ஊர். மெர்போக் போகிற பஸ்ஸும் கோத்தா கோலா மூடா போகிற பஸ்ஸும் எங்கள் வாசலில்தான் நிற்கும். மழைக்கு ஒதுங்குகிறவர்கள், பஸ்ஸைத் தவறவிட்டவர்கள், ஏர்கோன் காற்றுக்காக உள்ளே வருகிறவர்கள், இவர்கள்தான் பாதிக் கூட்டம். புத்தகத்தைத் தொடாதவர்கள்கூட அந்த மூலையைப் பார்க்காமல் போக மாட்டார்கள். அது எனக்கு உள்ளூரப் பெருமை.

கோலா கெடாவிலிருந்து மீன்வலை ஒன்றை வாங்கி வந்து மாட்டினோம் ஒரு மாதம். துவைத்துத்தான் கொடுத்தார்களாம். என்ன துவைத்தார்களோ, வாசலில் பூனைகள் வரிசை கட்டி உட்கார்ந்துவிட்டன. இன்னொரு மாதம் தீபாவளிக்கு வண்ண அரிசியில் கோலம் போட்டேன். ராத்திரியில் எலி வந்து தினம் ஒரு இதழாகத் தின்றுகொண்டே போனது, காலையில் நான் வந்து நிரப்புவேன். கோத்தா கோலா மூடாவிலிருந்து ஒரு மலாய்ப் பெரியவர் தன் கையால் செய்த சின்னப் படகைக் கொண்டுவந்தார். கொடுத்துவிட்டுப் போக அவருக்கு மனசு வரவில்லை. பக்கத்தில் நாற்காலி போட்டு மூன்று நாள் உட்கார்ந்திருந்தார். எங்கள் தலைமை நூலகர் ஒரு மலாய்க்கார அம்மா, நாங்கள் புவான் என்று கூப்பிடுவோம். அவர் அந்தப் பெரியவருக்குத் தினமும் சாப்பாடு வாங்கிக் கொடுத்தார். அப்படி ஒரு இடம் அது.

பள்ளிப் பிள்ளைகள் வந்தால் கொடுப்பதற்கு ஒரு தாளும் தயாராக இருக்கும். நாலு கட்டம். இது என்ன, யாருடையது, எங்கே, எப்போது. பிள்ளைகள் ஒவ்வொரு பொருளாகப் பார்த்து அதில் எழுத வேண்டும். புவானின் யோசனை அது.

ஒரு வருஷம் நூலகத்தின் வெளிச்சுவரில் ஓவியம் வரையச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. காதில் வளையம் மாட்டிய ஒரு சீனத் தம்பி வந்து, ஒரு வாரம் ஏணியில் நின்று வரைந்தார். ஜெராய் மலை, கீழே வயல், ஓரத்தில் கடல், நடுவில் ரப்பர் எடுக்கப் பால்மரம் வெட்டுகிற ஒரு தமிழ்ப் பெண். ஊரே வந்து படம் எடுத்துக்கொண்டது. நானும் எடுத்தேன். அவ்வளவு அழகு.

இரண்டாவது வாரம் ஒரு அக்கா விறுவிறுவென்று உள்ளே நுழைந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஃபேக்டரியில் துப்புரவு வேலை செய்பவர்கள் போடும் நீலச் சட்டை, கழுத்து வரை பொத்தான். பஸ்ஸுக்கு நிற்கிறபோது தினமும் பார்ப்பேன், உள்ளே வந்தது அதுதான் முதல் தடவை.

"வெளிய அந்தப் படத்த வரைஞ்சது யாரு?" என்றார்.

"ஏன்கா, நல்லா இல்லையா?"

"பால்மரத்த வாழ்க்கையில பாத்திருக்கானா அவன்? வெட்டு எடது பக்கம் ஒசரமா ஆரம்பிச்சு வலது பக்கம் எறங்கணும். தலைகீழா எறக்கி வச்சிருக்கான். இப்படி வெட்டுனா வேல வாங்குற மண்டோரு மரத்துலயே கட்டி வச்சு ஒதைப்பான்லா."

எனக்கும் தோட்டத்து ரத்தம்தான். ஆனால் நான் மரம் வெட்டியவள் இல்லை. வெளியே போய்ப் பார்த்தேன். தோட்டத்தில் இருபத்தேழு வருஷம் பால் வெட்டிய கை சொல்கிறது, நான் என்ன மறுப்பது? புவானிடம் சொன்னேன். அவர் அந்தத் தம்பியைக் கூப்பிட்டுவிட்டார். மறு வாரம் தம்பி ஏணியில், அக்கா கீழே. "நாயெக் சிக்கிட், நாயெக் சிக்கிட்" என்று மலாயில் கோட்டை ஏற்றச் சொல்லி ஒரு மணி நேரம் வேலை வாங்கினார். வெட்டு சரியானதும் கையைத் தட்டினார். முடிந்ததும் உள்ளே கூட்டி வந்து தேத்தண்ணி கொடுத்தேன். "வேணாம், வேணாம், எதுக்கு" என்றார். நான் விடவில்லை. இரண்டு கப் குடித்தார், நாலு பிஸ்கட்டும் உள்ளே போனது. நம் ஆட்களுக்கு வேணாம் என்றால் இன்னொரு தடவை கேள் என்று அர்த்தம், இது தெரியாதா? அந்தத் தெரிந்த புத்திதான் பிறகு என்னைக் குழியில் தள்ளியது.

அதற்குப் பிறகு அக்கா அடிக்கடி வருவார். தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவர். தமிழ் வாரப் பத்திரிகைகளை விரலை வைத்து மெதுவாகப் படிப்பார். அவரோடு பேசிப் பேசித்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. சுற்றி இருந்த தோட்டங்கள் ஒவ்வொன்றாகக் கைமாறிக்கொண்டிருந்த காலம். தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்துச் செம்பனை நட்டார்கள், சில இடத்தில் வீட்டுமனை போட்டார்கள். ஆட்கள் திசைக்கு ஒருவராகப் போய்விட்டார்கள். அவர்கள் வீட்டுச் சுவர்களில் தொங்கிய படங்களை எல்லாம் வாங்கி ஒரு மாதம் நம் சுவரில் மாட்டினால் என்ன? தோட்டத்து முகங்கள் என்று பெயர் வைத்தேன். புவான் உடனே சரி என்றார்.

முப்பத்துநாலு படங்கள் வந்தன. கல்யாணப் படம், விடியற்காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் வரிசையாக நிற்கிற படம், பள்ளிக்கூடப் படம். இறந்துபோனவர்கள் படம் பன்னிரண்டு. அவை வரும்போதே தூசி படிந்த பிளாஸ்டிக் மாலையோடும் கண்ணாடியில் காய்ந்த குங்குமத்தோடும் வந்தன.

அக்காவும் ஒன்று கொண்டுவந்தார். பத்தேக் கைலியில் சுற்றி, இடுப்புப் பிள்ளையைத் தூக்கி வருவது போல அணைத்தபடி வந்தார். ஸ்டுடியோவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். பெரிய காலர் சட்டை போட்ட வாலிபன், அட்டை நிலாவில் கையை ஊன்றிச் சிரிக்கிறான். இடது புருவத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு தழும்பு.

"எங்க வீட்டுக்காரரு. மரக்கெள விழுந்து புருவம் பொளந்துருச்சு, அது கல்யாணத்துக்கு முந்தி" என்றார். கைலியை மடித்து என் மேசையில் வைத்து, "இதுக்கு மால கீல எதுவும் வேணாம் தங்கச்சி. சும்மா மாட்டு, போதும்" என்றார்.

ஏன் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. உங்களுக்கு நான் இப்போதே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீங்களும் என்னைப் போலவே நினைத்துவிடுவீர்கள்.

அந்த மனிதர் சாகவில்லை. இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் தெற்குக் கோடியில் ஜொகூரில் வேலை இருக்கிறது, மூன்று மாதத்தில் வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்று ஒரு பையோடு பஸ் ஏறியவர். கடிதம் ஒன்று வந்தது. பிறகு ஒன்றுமில்லை. பிள்ளையும் இல்லை. அக்கா தேடாத இடம் இல்லை, கேட்காத ஆள் இல்லை. வந்தால் வீடு தெரியாமல் போய்விடுமோ என்று லயத்தைவிட்டு நகராமல் கிடந்தார். ராத்திரி முழுக்க வாசல் விளக்கு எரியும். லயத்தை இடித்தபோது, முச்சந்திக் கடைக்காரரிடம் தன் மலிவுவீட்டு முகவரியை எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் லோரியில் ஏறினார். ஃபேஸ்புக்கில் போடலாமே என்று ஃபேக்டரிப் பெண்கள் சொல்லியிருக்கிறார்கள். ஓடிப்போன புருஷனைத் தேடுகிறாள் என்று ஊர் சிரிக்கும் என்று மறுத்துவிட்டார். இதில் அந்த வெட்கம் இல்லை. நூலகச் சுவரில் முப்பது படத்தோடு ஒரு படம். நாலா திசையிலிருந்தும் பழைய தோட்டத்து ஆட்கள் வருவார்கள், பார்ப்பார்கள். அதில் யாராவது ஒருவர், இவரை எனக்குத் தெரியுமே என்று சொல்லிவிட மாட்டாரா? அதற்காகத்தான் இருந்த ஒரே படத்தை அக்கா என் கையில் கொடுத்தார்.

இது எதுவும் அப்போது எனக்குத் தெரியாது. பொட்டு வைத்திருந்தார்தான். இந்தக் காலத்தில் யார்தான் வைப்பதில்லை? தாலி அந்த நீலச் சட்டைக்குள் இருந்தது. வீட்டுக்காரர் தவறிவிட்டார், பாவம், செலவு வைக்கக் கூடாது என்று வேண்டாம் என்கிறார் என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை திறப்பு. கெடாவில் ஞாயிறு வேலைநாள். அக்காவுக்கு ஷிஃப்ட், வர முடியவில்லை. மாநிலத் தலைநகர் அலோர் ஸ்டாரிலிருந்து அதிகாரிகள் வருகிறார்கள். பழைய பிளாஸ்டிக் மாலைகளை எல்லாம் கழற்றிவிட்டேன். எதிரே மரத்தடியில் பூக்கட்டும் அம்மாவிடம் பன்னிரண்டு சின்ன மல்லிகை மாலை சொல்லியிருந்தேன். மாலை வந்து சேர்ந்த நேரத்தில் ஒரு குடும்பம் ஓடி வந்தது. அந்த வாரம் அவர்கள் அப்பாவுக்குத் திவசமாம், படம் இல்லாமல் எப்படிப் படைப்பது என்று படத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். பதினொரு படத்துக்கு மாலை போட்டேன். ஒன்று மிச்சம்.

அதை எடுத்துக்கொண்டு போய் எங்கள் வீட்டு முருகனுக்குப் போட்டிருக்கலாம். என் கை சும்மா இருந்ததா? சுவரைப் பார்த்தேன். அக்காவின் படத்துக்கு இரண்டு பக்கமும் மாலை போட்ட படங்கள். நடுவில் அந்த வாலிபன் மட்டும் மொட்டையாகச் சிரித்துக்கொண்டிருந்தான். நாதியற்றவன் மாதிரி இருக்கிறதே என்று எனக்கு மனசு கேட்கவில்லை. வேணாம் என்றுதானே சொல்லுவார்கள் என்று நினைத்துக்கொண்டு, முக்காலியில் ஏறிப் போட்டேன். நெற்றியில் குங்குமமும் வைத்தேன். அடி அறிவுகெட்டவளே!

செவ்வாய்க்கிழமை அக்காவுக்கு ஓய்வு நாள். நல்ல சேலை கட்டி, தலையில் பூ வைத்து வந்தார். அன்றைக்குத்தான் கழுத்தில் மஞ்சள் கயிற்றைப் பார்த்தேன். பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. நேரே சுவருக்குப் போனார். நான் பின்னாலேயே போய், "எப்படிக்கா இருக்கு? பூ வாடிருச்சுன்னு இன்னைக்கிக் காலையிலதான் புதுசு மாத்துனேன்" என்று பல்லைக் காட்டினேன்.

அவர் திரும்பவில்லை. படத்தைப் பார்த்தபடியே, "இத யாரு போட்டது?" என்றார்.

"நான்தான்கா."

"உசுரோட இருக்குற மனுசனுக்கா?"

சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் எனக்குச் சொன்னார். ஜொகூர், கடிதம், வாசல் விளக்கு, முச்சந்திக் கடை. "யாராச்சும் பாத்துச் சொல்லுவாங்கன்னு நெனச்சேன். நீ இப்படிப் போட்டு வச்சிருந்தா யாரு வந்து சொல்லுவா? செத்தவனப் பத்தி யாருக்கு என்ன சொல்ல இருக்கு?" என்றார். நான் முக்காலியில் ஏறி மாலையைப் பிய்த்தேன். கண்ணாடியில் இருந்த குங்குமத்தை என் முந்தானையால் துடைத்தேன். துடைக்கத் துடைக்க அது பரவியது. காலைப் பிடிக்கக் குனிந்தேன், தடுத்துவிட்டார். "தெரியாமத்தான செஞ்ச. படம் இருக்கட்டும். மால வேணாம். இப்பவாச்சும் புரிஞ்சுதா?" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குப் போனார். அன்றைக்கு நான் பசியாறவும் இல்லை, மத்தியானம் சாப்பிடவும் இல்லை.

சாயங்காலம் மூடுவதற்கு முன்னால், வழக்கம் போல் பார்வையாளர் புத்தகத்தைப் புரட்டினேன். பிள்ளைகளின் கையெழுத்து, பாகுஸ் பாகுஸ் என்று மலாயில் பாராட்டு. முந்தின நாள் பக்கத்தில், கீழே, தமிழில் நாலைந்து வரி. நான் அதை அப்படியே எழுதுகிறேன், எனக்கு அது மனப்பாடம்.

"மேல் வரிசையில் நிலாவில் கை வைத்து நிற்பவர் எனக்கு நல்ல பழக்கம். இளமையில் எடுத்த படம் போலிருக்கிறது. புருவத் தழும்பைப் பார்த்துத்தான் கண்டுகொண்டேன். போன தீபாவளி சமயம்கூட கோலா கெடா படகு ஜெட்டியில் ஒன்றாக உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்தோம். மகள் ஃபோர்ம் ஃபைவ் பரீட்சை எழுதுகிறாள் என்று பெருமையாகச் சொன்னார். இவ்வளவு சீக்கிரம் போய்விடுவார் என்று நினைக்கவில்லை. மாலையைப் பார்த்ததும் மனம் உடைந்துவிட்டது. அவர் குடும்பத்தாருக்கு என் அனுதாபங்கள்."

கையெழுத்து கோழி கிளறியது போல் இருந்தது. பெயர் புரியவில்லை. ஊர் கோலா கெடா.

உட்கார்ந்துவிட்டேன். அக்கா இருபத்தாறு வருஷமாக எதிர்பார்த்துக் கிடந்த, அவர் புருஷனைத் தெரிந்த ஒரு ஆள் வந்தே வந்துவிட்டார். என் மாலையைப் பார்த்தார், அனுதாபம் எழுதினார், பஸ் ஏறிப் போய்விட்டார். மாலை இல்லாவிட்டால் என்னைக் கூப்பிட்டுக் கேட்டிருப்பாரோ? இல்லை, சிரித்துவிட்டுப் பேசாமல் போயிருப்பாரோ? உயிரோடு இருக்கிறவனுக்கு யார் நாலு வரி எழுதப் போகிறார்கள்? அதை நினைத்து நினைத்து மண்டை வெடித்தது. அதைவிட, அந்த மகள். மூன்று மாதத்தில் கூட்டிப் போகிறேன் என்றவர் ஜொகூரிலும் இல்லை, கண் காணாத தேசத்திலும் இல்லை. இதே கெடாவில், ஒன்றேகால் மணி நேரத் தூரத்தில், பெண்டாட்டி பிள்ளையோடு இருந்திருக்கிறார். படுபாவி.

அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாம் என்று தோன்றியது. உண்மையைச் சொல்கிறேன், கையை வைத்தும்விட்டேன். அக்காவுக்கு இருப்பதே அந்த நம்பிக்கை ஒன்றுதான். அதையும் பிடுங்க நான் யார்? ஏற்கெனவே ஒரு தடவை நானாக முடிவு கட்டி அவர் வயிற்றில் அடித்தேன். இப்போது மறைத்தால், அதுவும் நானாகக் கட்டுகிற முடிவுதானே? அவர் இன்னும் எத்தனை வருஷம் விளக்கை எரியவிடுவார்? எனக்கு வாய் நீளம் என்று எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அந்த ஒரு வாரம் நான் பேசாமல் இருந்ததைப் பார்த்து, உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள். கிழிக்கவில்லை. புத்தகத்தை மேசையிலிருந்து எடுத்து என் டிராயரில் பூட்டி வைத்தேன்.

அடுத்த செவ்வாய் அக்கா வந்தார். படத்தைப் பார்த்தார். மாலை இல்லை. முகம் தெளிந்தது. அன்றைக்கு ஒரு தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் ஆசிரியையோடு வந்திருந்தார்கள். கையில் தாளோடு படம் படமாகப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்கள்.

"யாராச்சும் கேட்டாங்களா தங்கச்சி?" என்றார் அக்கா.

டிராயரைத் திறந்து, புத்தகத்தை எடுத்து, அந்தப் பக்கத்தைப் பிரித்து அவர் முன்னால் வைத்தேன்.

விரலை வைத்துப் படித்தார். உதடு அசைந்தது. படகு ஜெட்டி வரைக்கும் வந்ததும் விரல் நின்றது. முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன். பிறகு விரல் நகர்ந்தது. மகள் என்ற இடத்தில் மறுபடி நின்றது. அந்த வரியை மட்டும் மூன்று தடவை படித்தார்.

"ஃபோர்ம் ஃபைவ்னா எத்தன வயசு?"

"பதினேழுக்கா."

"பதினேழு" என்றார். "அது பொறந்தப்ப நான் லயத்துலதான் இருந்தேன். வாசல்ல வெளக்கு எரிஞ்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு." பிறகு, "கோலா கெடாவுலேருந்து மோட்டோல வந்தா எம்புட்டு நேரம்?" என்று கேட்டார்.

"ஒண்ணேகால் மணி நேரம்கா."

தலையை ஆட்டினார். புத்தகத்தை மூடி, நூலில் கட்டிய பேனாவை நேராக எடுத்து அதன் மேல் வைத்தார். "அன்னைக்கிப் பிச்ச மால எங்க?"

"குப்பையில போட்டுட்டேன்கா."

"பூக்காரம்மா இருக்காங்கள்ல?" என்று எழுந்தார். நான் போகிறேன் என்று கிளம்பினேன். "நீ உக்காரு" என்றார். அந்தக் குரலுக்கு நான் உட்கார்ந்தேன்.

மரத்தடிக்குப் போய் நின்று, ஒரு மாலையை எடுத்துப் பார்த்து வைத்துவிட்டு, இன்னொன்றை எடுத்ததைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். நல்ல நெருக்கமாகக் கட்டிய மல்லிகை. உள்ளே வந்து செருப்பைக் கழற்றினார். முக்காலியில் அவரே ஏறினார். மாலையைப் போட்டு, இரண்டு பக்கமும் சமமாகத் தொங்குகிறதா என்று பார்த்துச் சரிசெய்தார். இறங்கி, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார். நான் விக்கி விக்கி அழுதுகொண்டிருந்தேன்.

"நீ எதுக்கு அழுவுற? உனக்கா புருசன் செத்தான்?" என்றார்.

"பொட்டு..." என்று ஏதோ உளறினேன்.

"அது நான் பொறந்ததுலேருந்து வச்சது. அவன் குடுத்ததில்ல." புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார். "மாசம் முடிஞ்சா படத்த எனக்குக் குடுக்க வேணாம். நீயே வச்சுக்க, இல்ல எங்கயாச்சும் போடு."

அப்போது ஒரு சிறுமி தாளோடு வந்து எங்கள் பக்கத்தில் நின்றாள். இரட்டைப் பின்னல், பத்து வயது இருக்கும். மூன்று கட்டம் நிரப்பிவிட்டாள். பென்சிலை நாலாவதில் வைத்துக்கொண்டு அண்ணாந்து படத்தைப் பார்த்தாள்.

"அன்ட்டி, இவரு எப்ப இறந்தாரு?" என்று என்னைக் கேட்டாள்.

அக்கா குனிந்து அவள் தாளைப் பார்த்தார்.

"இன்னைக்கித்தான் பாப்பா" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "இன்னைக்கி என்ன தேதி தங்கச்சி?" என்று கேட்டார்.

சொன்னேன். அந்தப் பிள்ளை அதை எப்போது என்ற கட்டத்தில் எழுதிக்கொண்டு அடுத்த படத்துக்குப் போனாள்.